ஒன்பதும் ஒன்றும்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் மின்னஞ்சல் முகவரியை யாரோ திருடி, தங்களுடைய குப்பை மெயில்களுக்கு அனுப்புநர் முகவரியாகப் போட்டுவருகிறார்கள். ஜனவரி 12 முதல் எங்கள் முகவரியிலிருந்து உங்களுக்கு வந்தது எதுவும் நாங்கள் எழுதியதல்ல. அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம். பதில் எழுத வேண்டாம். சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள், அல்லது தொலைபேசியில் கூப்பிடுங்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

தம்பி, மேலே இருப்பது எல்லாருக்கும் அச்சடித்தது. பேனாவில் இருப்பது உனக்கு. உனக்கும் அந்த மெயில் வந்திருக்கலாம் என்று தோன்றியது. உன் வீட்டு முகவரி, அப்பா வாடிக்கையாளர் அட்டைகளைப் போட்டுவைக்கும் பெட்டியில் கிடைத்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறாயா? உடம்பு தேவலையா? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து ஆறு வருடம். 'ழ'வின் வால் இன்னும் அடுத்த வரியில் போய் இடிக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். அத்தானின் முதுகுவலி எப்படி? உன் முட்டி?

அதே வீடு. அதே வேலை. நகரத்தின் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறேன். தெருவுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. கீழே இருப்பது தெரியும்.

எனக்கும் வந்தது. ஜனவரி 14. கடையின் முகவரி. இரண்டே வரி: "ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஒரு முறை பார்." கீழே ஒரு இணைப்பு. இணைப்பைத் தொடவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியை நீதான் எழுதினாய் என்று நினைத்துவிட்டேன். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. கோபமாக இருக்கும்போது நீ அப்படித்தானே எழுதுவாய்.

நம்பி ஒரு பதில் எழுதினேன். கொஞ்சம் நீளம். அது உங்கள் பெட்டிக்குத்தான் வந்திருக்கும். கண்ணில் பட்டால் படிக்காமல் அழித்துவிடு. முக்கியமாக ஒன்றுமில்லை.

இனி மெயில் வேண்டாம். தாளே நல்லது. தாளில் யாரும் உன்னைப் போல 'ழ' போட முடியாது.

எல்லாருக்கும் என் அன்பு.

தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அத்தான், "பரவாயில்லையே, உன் தம்பிக்கு உயிர் இருக்கு" என்றார். முதுகுவலி அவருக்கு நாக்கில் இல்லை. என் முட்டி படியேறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்தும். உன் கண் எப்படி இருக்கிறது? வரைபட வேலை கண்ணைத் தின்னும் வேலை.

இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து மெயிலைப் பார்த்தால் இரண்டாயிரம் கடிதம். எல்லாம் திரும்பி வந்தவை. "இந்த முகவரியில் ஆள் இல்லை", "சேர்ப்பிக்க இயலவில்லை". நான் யாருக்குமே எழுதவில்லை! திருடர்கள் எங்கள் பெயரைப் போட்டுக் கண்ட முகவரிக்கெல்லாம் அனுப்ப, ஆள் இல்லாததெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. நடுநடுவே திட்டுகள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்று ஒருவர். 'என்னைப் பட்டியலிலிருந்து எடு' என்று முன்னூறு பேர். எந்தப் பட்டியல்?

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞாபகம் இருக்கிறதா, நெற்றியும் பின்கழுத்தும் ஒன்றாகிவிட்டவர்? குடையோடு கடைக்குள் வந்தார்.

"ஏம்மா, முப்பது வருஷமா உங்க கடையிலதான் கண்ணாடி போடறேன்."

"ஆமா சார்."

"உங்கப்பா என்னிக்காவது என்னைக் கிண்டல் பண்ணியிருக்காரா?"

"இல்ல சார்."

"அப்ப நீ எதுக்கும்மா எனக்கு முடி வளர்ற தைலம் அனுப்பறே?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் எல்லாரும் வந்து கேட்பதில்லை. கேட்காதவர்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மொத்தம் ஆறாயிரத்து முன்னூற்றுச் சொச்சம். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பெட்டி இப்போது காலி. நீளமாக என்ன எழுதியிருந்தாய்? இப்போது சொல்லேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அழித்தது நல்லது. என்னமோ எழுதினேன், விடு. கண் எரிகிறது, பவர் மாறியிருக்கும், அந்த மாதிரி.

ஹெட்மாஸ்டரை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் மாறிக்கொண்டாள்.

கடை அப்படியே இருக்கிறதா? அறை நீளம் போதாது என்று அப்பா கண் சோதிக்கும் எழுத்து அட்டையை நம் தலைக்குப் பின்னால், எழுத்துகள் இடவலம் மாறியபடி மாட்டியிருப்பார். எதிரே நிலைக்கண்ணாடியில் அது நேராகத் தெரியும். நான் கடைசி வரியை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். ஒன்பது வயது வரை எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று அப்பா நம்பினார். ஒருநாள் அவர் அட்டையை மாற்றிவிட்டார். நான் பழைய வரியையே சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லென்ஸ் துடைக்கும் துணியின் வாசனை. மழை நாளில் கதவு திறந்ததும் வருகிறவர்கள் எல்லாருடைய கண்ணாடியும் ஒரே சமயத்தில் வெளுத்துப்போவது. அப்போது அவர்கள் முகத்தில் வரும் அசட்டுத்தனம்.

மெயில் விஷயம். எங்கள் வேலையில், ஒரு குழாயில் அழுக்குத் தண்ணீர் கலந்துவிட்டால் அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று பதிப்போம். அந்த முகவரியை விட்டுவிடு. புதிதாக ஒன்று எடு. பத்து நிமிட வேலை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கும் முன் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

பத்து நிமிட வேலையா? அந்த முகவரியை அப்பா மூன்று நாள் யோசித்து எடுத்தார். பலகையில் எழுதினார். கண்ணாடிக் கூடு, துடைக்கும் துணி, அட்டை, பில், எல்லாவற்றிலும் அச்சடித்தார். போஸ்ட்மேனிடம்கூடச் சொன்னார். "சார், இனிமே எனக்கு உங்க தயவு வேணாம்." பாவம் அந்த மனிதர், வாடிக்கையாளரும்கூட. யாரோ திருடன் நம் வீட்டு நம்பரைச் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்பதற்காக நான் வீட்டைக் காலி பண்ண வேண்டுமா? விட்டுவிட்டுப் போவது எனக்கு வராது. அது சிலருக்கு வரும்.

(இதை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.)

நம் மெயிலைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர்காரர் என்று வைத்துக்கொள். போனில் பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, உங்க பெட்டியை யாரும் உடைக்கல. கவர் பின்னாடி அனுப்புநர்னு யார் பேரை வேணா எழுதலாம்ல? தபாலாபீஸ்ல அதை யாரும் சரிபார்க்கிறதில்ல. அதேதான்."

அதற்கு ஒரு வழி இருக்கிறதாம். எங்கள் பெயரில் கடிதம் இன்ன இயந்திரத்திலிருந்துதான் வரும், வேறெங்கிருந்தாவது வந்தால் அது நாங்கள் இல்லை என்று ஊரறிய எழுதி வைப்பது. முதல் கட்டம், வெறுமனே கவனிப்பது. இரண்டாவது, சந்தேகப்பட்டதைத் தனியாக ஒதுக்குவது. மூன்றாவது, வாசலிலேயே மறுப்பது. இந்த இருபதாம் தேதியிலிருந்து மறுப்பு.

நீ கடையைப் பற்றி எழுதியிருந்தாய். டிரையல் பெட்டியைப் பற்றி எழுதவில்லை. கண் சோதிக்க ஒவ்வொன்றாக மாட்டிப்பார்க்கும் அந்த லென்ஸ் பெட்டி. இன்னும் அதில்தான் பார்க்கிறேன். வெல்வெட் வெளுத்துவிட்டது. பிளஸ் பத்தில் ஒரு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

எனக்கு அப்போது பதினாலு வயது. தொலைத்தது நான் என்று அப்பா முடிவு செய்தார். அடிக்கவில்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை உன்னிடம் கொடுத்தார். "இனிமே இது உன் பொறுப்புடா. இவ தொடக் கூடாது." கண்புரை ஆபரேஷன் ஆன பெரியவர்கள் வந்தால் ஒரு கண்ணுக்குப் பத்தை மாட்டுவார். மறு கண்ணுக்கு ஒன்பதையும் ஒன்றையும் சேர்த்து மாட்டுவார். மாட்டும்போது வாய்விட்டுச் சொல்வார்: "ஒன்பதும் ஒண்ணும்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை. பன்னிரண்டு வருடம் நான் பிரேமுக்குத் திருகு முடுக்கினேன். நீ கண் சோதிக்கக் கற்றுக்கொண்டாய். நீ கிளம்பிய அன்று சாவி கவுண்டர் மேல் இருந்தது. அதற்குப் பிறகுதான் மாலை வகுப்புக்குப் போய் நான் கற்றேன்.

சும்மா ஞாபகம் வந்தது. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை. பெரிய குழாய் ஒன்று உடைந்து ஒரு பேட்டையே நனைந்துவிட்டது. குழாய் எங்கே போகிறது என்று வரைபடத்தில் ஒரு கோடு. தோண்டினால் அங்கே குழாய் இல்லை. எழுபது வருடத்துக்கு முன் யாரோ தப்பாக வரைந்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே நகல் எடுத்திருக்கிறார்கள். நானும்தான்.

முகவரி பற்றி நான் சொன்னது தப்பு. வைத்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். வருடாவருடம் மே மாதம் கடையிலிருந்து எனக்கு ஒரு மெயில் வரும். "உங்கள் கண்ணாடிக்கு ஒரு வயது கூடிவிட்டது. வாருங்கள், பார்த்துவிடலாம்." அப்பா இருந்தவரை அவர் அனுப்புகிறார் என்று இருந்தேன். அவர் போன பிறகும் வந்தது. பேச்சு இல்லாத இத்தனை வருடமும் வந்தது. என் மேல் அவ்வளவு கோபத்திலும் இதை மட்டும் நீ விடவில்லை என்று நினைத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். ஜனவரியில் அந்தத் திருட்டு மெயிலை நம்பியதும் அதனால்தான்.

இந்த மே மாதம் வரவில்லை. போன கடிதத்தில் கோபமாக இருந்தாய். அதனாலா?

தம்பி

*

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அங்கே அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நினைவூட்டல்களை அனுப்புவது அதுதான். அவர் எழுதிவைத்தபடி மாதாமாதம் தானாக அனுப்பும். நான் தூசி துடைப்பதோடு சரி, தொடுவதில்லை. கம்ப்யூட்டர்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் சொல்லவில்லை. ஏப்ரல் இருபதில் ஊரறிய எழுதி வைத்தோமே, அந்தப் பட்டியலில் அது இல்லை. அன்று முதல் அது அனுப்பிய ஒவ்வொன்றையும் உலகம் வாசலிலேயே மறுத்துவிட்டது. திருடனுக்குப் போட்ட பூட்டில் முதலில் மாட்டியது அப்பா.

மே மாதம் கடைக்கு ஆளே வரவில்லை. முகவரி கெட்டுப்போனதால் ஜனங்களும் விட்டுப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அத்தானிடம்கூடச் சொல்லாமல் பலகையை இறக்க ஆள் பார்த்தேன். உன் கடிதம் வராவிட்டால் இறக்கியிருப்பேன். இப்போது பழைய இயந்திரத்தையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. கம்ப்யூட்டர்காரர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. "வீட்ல பெரியவர் ஒருத்தர் இருக்கார்னு சொல்ல மாட்டீங்களா அக்கா?" என்றார்.

அந்த மெயில்களை உனக்கு நான் அனுப்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அந்த இயந்திரத்தில் உன் பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் முகவரிக்காக மட்டும் பார்த்த உன் அட்டையை மறுபடி எடுத்து முழுதாகப் படித்தேன். அப்பாவின் எழுத்து. ஒன்பது வயதில் உன் பவர், பதினாறில், இருபத்து மூன்றில். அடுத்த சோதனைத் தேதிக்கான கட்டத்தில் மட்டும் தேதி இல்லை. 'வரும்போது' என்று எழுதியிருக்கிறார்.

அவர் போனபோது வந்து இரண்டு நாள் இருந்தாய். கடை வாசல் வரை வந்து உள்ளே வரவில்லை. "வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போறதுக்கு நீ என்ன கஸ்டமரா?" என்று கேட்டேன். "அப்படியே வெச்சுக்கோ" என்றாய். அதற்குப் பிறகுதானே நாம் பேசவில்லை. அப்பா அதற்கு வெகு நாள் முன்பே உன்னை அப்படித்தான் எழுதி வைத்திருந்திருக்கிறார்.

ஆக, உனக்கு யாரும் எழுதவில்லை. ஒரு இயந்திரம் எழுதியது, ஒரு திருடன் எழுதினான். இதை நான் எழுதுகிறேன். ஏன் அன்று உள்ளே வரவில்லை?

அக்கா

*

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கேள்விக்கு மூன்று தாள் கிழித்தேன். இது நான்காவது.

'வரும்போது.' அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

பெட்டி காணாமல்போன அன்று, பெட்டி இல்லை, லென்ஸ், அன்று நான் மொட்டைமாடியில் இருந்தேன். வெயில் நன்றாக இருந்தது. கையில் பழைய செய்தித்தாள்.

கீழே அப்பாவின் குரல் கேட்டது. உன் குரல் கேட்கவில்லை. நீ அழவே இல்லை.

அக்கா, செப்டம்பரில் எனக்கு விடுப்பு இருக்கிறது. கண் சோதித்துக்கொள்ள வரட்டுமா?

தம்பி

*

ஆகஸ்ட் 3

தம்பி,

இந்த முறை நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆறாயிரத்து முன்னூற்றையும் அழித்தேன் என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் ஒன்றொன்றாக அழித்தேன். அந்தக் குப்பையில் நிஜமான வாடிக்கையாளர் யாராவது எழுதியிருந்தால்? அப்பா யாருக்கும் பதில் போடாமல் இருந்ததில்லை. பதினோரு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் உன் பெயர் வந்தது.

வெயிலில் காகிதத்தை எரித்துப் பார்க்க அந்த லென்ஸை எடுத்தாய். திருப்பி வைப்பதற்குள் அப்பா என்னைப் பிடித்துவிட்டார். "சாவி என்னிடம் இருந்தது. தினமும் திறந்தேன். தினமும் வைத்திருக்கலாம்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். மதியம் பன்னிரண்டு மணி. வாடிக்கையாளர் இருவர் வெளியே தட்டினார்கள். திறக்கவில்லை.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை நீ கற்பனை செய்ய வேண்டாம். நானே அதைப் பார்த்துப் பயந்தேன். ஒன்பது நாள் கழித்து, எல்லாருக்கும் அச்சடித்த அறிக்கையின் கீழே உனக்கு நாலு வரி எழுதினேன். அதுதான் உன் மெயிலுக்கு என் பதில். நீதான் அது தெரியாமல் 'படிக்காமல் அழித்துவிடு' என்றாய்.

சரி, அழித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம், அவன் வாயால் சொல்லட்டும் என்று இருந்தேன். மார்ச்சில் கேட்டேன். ஏப்ரலில் கேட்டேன். ஜூனில் கேட்டேன். முன்பின் தெரியாத திருடன் ஒருவன் இரண்டு வரி போட்டதும் அத்தனையும் சொன்னாய். அக்கா மூன்று முறை கேட்டால் குழாய் உடைந்தது என்கிறாய்.

மொட்டைமாடி வரை வந்துவிட்டாய். மீதிப் படியை நீ இறங்க வேண்டாம். எனக்கு முட்டி வலி, படியின் கஷ்டம் தெரியும்.

மன்னித்துவிட்டேன் என்று இதில் எங்கும் எழுதவில்லை, கவனி. பன்னிரண்டு வருடத்தை ஒரு கடிதத்தில் என்னால் எழுத முடியாது. நீ எதிரே உட்கார்ந்தால் அட்டையின் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம். அட்டையை மாற்றிவிட்டேன். மனப்பாடம் செய்து வராதே.

இதோடு ஒரு சின்னத் தகர டப்பா அனுப்புகிறேன். உள்ளே ஃபிளானல் வைத்து நானே தைத்தேன். பிளஸ் பத்தின் ஜோடி இங்கே இருக்கிறதே, அதை வைத்து அளவு எடுத்தேன். கைப்பிடிக்கு ஒரு பள்ளம் விட்டிருக்கிறேன். பயணத்தில் பெட்டிகள் எங்கெங்கோ இடிபடும்.

உன் அட்டையில் 'வரும்போது' என்பதை அடிக்கவில்லை. பக்கத்தில் தேதி எழுதிவிட்டேன். செப்டம்பர் 14, காலை பத்து. ஹெட்மாஸ்டருக்கு ஒன்பதரை. அவருக்குத் தாமதமானால் நீ காத்திருக்க வேண்டும். உள்ளே.

கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 21

அக்கா,

டப்பா வந்தது. லென்ஸை வைத்து மூடி, காதருகே ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

கண் எரிகிறது. நிஜமாக.

தம்பி